பத்மினியின் சாவி

முத்துவீரனின் உடம்பைக் குளிப்பாட்ட இரண்டாவது குடத்தைக் கவிழ்த்தபோது கணக்குப்பிள்ளை சுந்தர்ராஜ் சந்துக்குள் வந்தார். கையில் மாலை இல்லை. அவசரத்தில் மறந்திருப்பார், பின்னாலேயே யாராவது கொண்டுவருவார்கள் என்று சுருளியம்மாள் நினைத்துக்கொண்டாள். அவர் பந்தலுக்கு வெளியிலேயே நின்றார். ஓடிவருகிற தண்ணீர் காலில் பட்டுவிடாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடத்தோடு நின்ற கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டார்.

“கருத்தா, கார் சாவி உங்கண்ணன் இடுப்புலதான் கெடக்கும். அத அவுத்துக் குடு. மொதலாளி காத்துக்கிட்டிருக்காக.”

செத்துப்போன மனுசனுக்கு ஒரு ஐயோ கிடையாது. எப்ப ஆச்சு, எப்படி ஆச்சு என்று ஒரு பேச்சு கிடையாது. சாவி! சுருளியம்மாளுக்குக் காது இரண்டும் கொதித்துப்போயிற்று.

கருத்தக்கண்ணன் செத்துப்போனவரின் உடன்பிறந்த தம்பி. வைகுண்டராஜ் முதலாளியின் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். முதலாளி என்ற சொல் காதில் விழுந்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனின் ஈர வேட்டியை விலக்கி இடுப்பைத் தடவினார். கறுத்த அரைஞாண் கயிற்றில் ஒரு வளையமும் அதில் சாவியும் கிடந்தன. முடிச்சு இறுகிக் கல்லாகிப் போயிருந்தது.

“அவுக்க முடியாது. கத்தி இருந்தா எடுங்கப்பா.”

“சின்னய்யா, கைய எடுங்க.”

ஆண்கள் குளிப்பாட்டுகிற இடத்துக்குப் பெண்கள் வரக்கூடாது. சுருளியம்மாள் வந்துவிட்டாள். செத்தவருக்கு இவள் ஒரே பிள்ளை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, விடிய விடிய அழுததில் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் குரல் சந்து முனைவரைக்கும் கேட்டது.

“அர்ணாக்கயித்தச் சுடுகாட்டுல வச்சுத்தான அறுப்பாக? வீட்ல வச்சு அறுக்குற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு?”

அவள் சொன்னது சரிதான். பிறந்த பிள்ளைக்கு இடுப்பில் கட்டுகிற கயிறு அது. பழையது நைந்தால்கூடப் புதுசைக் கட்டிவிட்டுத்தான் அதை அறுப்பார்கள். ஆண்பிள்ளை வெறும் இடுப்போடு ஒரு நிமிடம் இருக்கக் கூடாது. கடைசியில் மயானத்தில், எருவை அடுக்கி முகத்தை மூடுவதற்கு முன்னால், வெட்டியான்தான் அதை அறுத்து எடுப்பான். அதற்கு முன்னால் அதில் கை வைப்பவன் அந்த வீட்டுக்கு வேண்டாதவனாகத்தான் இருப்பான்.

சுந்தர்ராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “வழக்கமெல்லாம் சரித்தா. இன்னைக்கு மொதலாளி மகன் செல்வமணிக்கு நிச்சயதார்த்தம்னு ஒனக்குத் தெரியும்ல? பட்டுச்சேல, மோதிரம், தட்டுச் சாமான் பூராம் கார் டிக்கிக்குள்ள இருக்கு. நேத்து வீரபாண்டியில அம்மன் காலடியில வச்சு எடுத்தாந்து அப்படியே பூட்டியாச்சு. இன்னொரு சாவிய அந்தத் தம்பி வைகை டேமுக்குப் போனப்பத் தொலச்சுட்டாக. பன்னெண்டு மணிக்குள்ள கம்பத்துல பொண்ணு வீட்டுக்குப் போயாகணும்.”

“பூட்ட ஒடைங்க.”

“புது வண்டித்தா. அம்மனுக்குக் காட்டுன வண்டிய நல்ல நாளும் பொழுதுமா ஒடைக்கச் சொல்றியே.”

“அப்பப் போயி மொதலாளிகிட்டச் சொல்லுங்க. நேத்து எங்கய்யா, மொதலாளி சொல்லாமச் சாவியத் தரமாட்டேன்னாக. இன்னைக்கு எங்கய்யா சொல்லாம நான் தரமாட்டேன்.”

கணக்குப்பிள்ளைக்கு அது விளங்கவில்லை. சந்தில் கூடியிருந்த மற்றவர்களுக்கும் விளங்கவில்லை. துக்கத்தில் பிள்ளை உளறுகிறது என்று நினைத்தார்கள். முழுசாக விளங்கிய ஒரே ஆள் அவள் புருசன் கர்ணன். அவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் வீரபாண்டியிலிருந்து முதலாளி குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, டிரைவர் முத்துவீரன் வண்டியைக் கழுவித் துடைத்துக் கார் செட்டில் நிறுத்தினார். அம்மன் கோயில் மாலையைப் பானெட்டில் வாடாமல் பரப்பிவைத்தார். காலையில் புறப்படும்போது நசுக்கிக்கொண்டு போக, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கடைசிப் பழத்தை வைத்துவிட்டு நிமிரும்போது நெஞ்சைப் பிடித்திருக்கிறது. முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். ‘வாயுவா இருக்கும், ஒரு சோடாவக் குடிச்சிட்டுப் படு, காலையில வெள்ளன வந்துரு’ என்று அவர் உள்ளே போய்விட்டார்.

சோடாவாம்!

வீட்டுக்கு நடந்தே வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேர்வை ஆறாக ஊற்றியது. தங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையில் நடவு முடிந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று சுருளியம்மாளும் கர்ணனும் வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. கர்ணன் டிராக்டர் ஓட்டுகிறவன். காரும் ஓட்டத் தெரியும்.

“சாவியக் குடுங்க மாமா. கார எடுத்தாரேன், ஒரே மிதியில ஆசுபத்திரிக்குப் போயிரலாம்.”

முத்துவீரன் இடுப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். உயிர் போகிற வலியிலும் அந்தக் கையை விலக்க முடியவில்லை. “மொதலாளிகிட்டக் கேட்டுட்டு வா மாப்ள. கேக்காம எடுக்கப்படாது.”

கர்ணன் ஓடினான். திரும்பி வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். “என்ன சொன்னாக?” என்று கேட்டார் முத்துவீரன். கர்ணன் மாமனாரின் முகத்தைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

“மொதலாளி வீட்ல இல்ல, மாமா.”

“அப்பச் சரி. இருந்திருந்தா குடுத்திருப்பாக” என்றார் முத்துவீரன்.

பக்கத்துத் தெரு ராக்கப்பனின் மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார்கள். மாடு மாட்டு நடைதானே நடக்கும். சுருளியம்மாள் அப்பனின் தலையை மடியில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசல் விளக்கு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அந்தத் தலை கனத்துப்போயிற்று. இருபது வருசமாகச் சீமை வண்டி ஓட்டிய மனுசன் வைக்கோல்மேல் கிடந்து செத்தார். உடம்பை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வரும்போதுதான், வண்டிக்குப் பின்னால் நடந்துவந்த கர்ணன் அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். முதலாளி வீட்டில்தான் இருந்தார்.

சுந்தர்ராஜ் போய்விட்டார். உடம்பைத் துடைத்துக் கோடித்துணி கட்டி, பந்தலுக்குள் பெஞ்சில் கிடத்தினார்கள். இடது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கி, எதையோ பிடித்த மாதிரியே இருந்தன. நீட்டிக் கட்டப் பார்த்தார்கள், நிமிரவில்லை. பியட் காரில் கியர் கம்பி ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் இருக்கும். தூக்கத்தில்கூட அந்தக் கை மேலும் கீழும் போய்வரும். அவர் மனைவி பொன்னாத்தாள் எத்தனை ராத்திரி அதில் இடி வாங்கியிருப்பாள்! இப்போது அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துவீரனுக்கு நாலு பியட். பிள்ளை ஒன்று, கார் நாலு என்று பொன்னாத்தாள் கேலி பேசுவாள்.

முதல் கார் வந்தபோது சுருளியம்மாளுக்கு ஆறு வயசு. மதுரையில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த வண்டி. அதன் முன்கதவு பின்பக்கமாகத் திறக்கும். ஏறத் தெரியாமல் கதவில் இடித்துக்கொண்டு நெற்றி புடைத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அப்போது வைகுண்டராஜ் பஜாரில் ஒற்றைக் கதவுக் கடை வைத்திருந்தார். காருக்குள் முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீளச் சீட்டு. அதில்தான் முதலாளி உட்காருவார், முத்துவீரனுக்குத் தோளோடு தோளாக. ஒரே பொட்டலத்தில் இருந்து இரண்டு பேரும் வேர்க்கடலை தின்றுகொண்டு குமுளி மலை ஏறுவார்கள். அந்தக் காருக்கு வீரபாண்டியில் பூசை போட்ட அன்று, முதலாளி தன் கையாலேயே சாவியை முத்துவீரனின் அரைஞாண் கயிற்றில் முடிந்துவிட்டார். “எங்கிட்ட இருந்தா என்ன, உங்கிட்ட இருந்தா என்ன முத்துவீரா” என்றாராம். அந்த ஒரு பேச்சை முத்துவீரன் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! சாராயக்கடைக்குப் போகாத மனுசனுக்கு அந்தப் பேச்சுத்தான் போதை.

மலையில் ஏலக்காய் வாங்கப் போகிற வியாபாரிகள் எல்லாம் அம்பாசிடரில் போவார்கள். அவர்கள் மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது முத்துவீரனின் வண்டி மேலே போய் நின்றிருக்கும். “அம்பாசிடரு எருமைத்தா. நம்மது வெள்ளாட்டுக் குட்டி. வளைவுல வாலச் சுழட்டிக்கிட்டுப் போகும்” என்பார். முந்திப் போகிறவனுக்கு முதல் தரக் காய். வைகுண்டராஜின் ஒற்றைக் கதவுக் கடை கிட்டங்கி ஆனதும், கிட்டங்கிக்கு மேலே மாடி எழும்பியதும் அந்த வளைவுகளில்தான். இதை முதலாளி ஒருநாளும் சொன்னதில்லை, முத்துவீரனும் சொன்னதில்லை. சுருளியம்மாள் சொல்லுவாள்.

அடுத்து டிலைட் என்ற வண்டி வந்தது. கதவு ஒழுங்காக முன்பக்கம் திறந்தது. இழுவை கூடுதல். ஒருநாள் பேங்க் மேனேஜர் கூட வந்தார் என்று முதலாளி மரியாதைக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். மேனேஜர் இறங்கிப் போனார். முதலாளி மறுபடி முன்னால் வரவே இல்லை.

அதற்கப்புறம் பிரசிடெண்ட். முகத்தில் பளபளவென்று புது கிரில், பின் கண்ணாடிக்கு முதலாளியம்மா தைத்த திரை. அதுவரை முத்துவீரன் முதலாளி வீட்டுக்குள் குடித்த காபி கார் செட்டுக்கு வந்துவிட்டது. செட்டின் ஆணியில் முத்துவீரனுக்கென்று தனியாக ஒரு கிளாஸ் தொங்கியது. ‘வெயில்ல உள்ள வரவேணாம்னு மொதலாளி இங்கனயே குடுத்து விடுறாக’ என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்துவைத்திருந்தார்.

கடைசியில் இந்தப் பத்மினி. பாலாடை நிறம், முன்னால் தனித்தனிச் சீட்டு, பாட்டுப் பெட்டி. இது முதலாளிக்குக்கூட இல்லை, மகன் செல்வமணிக்கு. வாங்கிய புதிதில் பூசை முடிந்ததும் செல்வமணி சாவியைத் தூக்கிப் போட்டான். கர்ப்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த முத்துவீரன் குனிந்து மண்ணிலிருந்து பொறுக்கிக்கொண்டார். தானே இடுப்பில் முடிந்துகொண்டார்.

“பேரும் மூஞ்சியும்தான்த்தா மாறிக்கிட்டே வருது” என்று அன்றைக்கு வீட்டில் வந்து சொன்னார். “பானெட்டத் தொறந்தா உள்ள அதே எஞ்சின்தான். அதே சத்தம். கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லிருவேன், நம்ம வண்டின்னு.”

“மொதலாளி அப்படியா இருக்காக?” என்று கேட்டாள் பொன்னாத்தாள்.

முத்துவீரன் எழுந்துபோய்க் கால் கழுவிக்கொண்டு வந்து சோறு போடச் சொன்னார்.

கொட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பாடை கட்டி முடிந்தது. கருத்தக்கண்ணன் மூன்றாவது தடவையாகச் சுருளியம்மாளிடம் வந்தார்.

“ஏத்தா, சொன்னாக் கேளு. இந்தச் சந்துல பாதி அடுப்பு அந்தக் கிட்டங்கிக் கூலியிலதான் எரியுது. ஒரு சாவி. அதுக்குப் போயி…”

“சாவிக்காகத்தான் சொல்றேனா சின்னய்யா?”

“பின்ன எதுக்குத்தான் மல்லுக்கு நிக்கிற? வாயத் தொறந்து சொல்லு.”

அவள் கர்ணனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் தலையை ஆட்டினான். தலைமாட்டில் இருந்த பொன்னாத்தாள் மகளின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“குடுத்துருத்தா. உங்கய்யா இருந்தாக் குடுத்திருப்பாக. சாகும்போதுகூட மொதலாளி இருந்தா கார் குடுத்திருப்பாகன்னுதான சொல்லிட்டுப் போனாக. அவுக பேரக் கெடுத்துறாத.”

இந்த அம்மாவிடம் எதைச் சொல்ல? சொன்னால் செத்தவரின் கடைசிப் பேச்சும் செத்துப்போகும். சொல்லாவிட்டால் சுருளியம்மாளின் நெஞ்சு வெடித்துப்போகும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்பனின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது கொட்டு நின்றது. எல்லோரும் சந்து முனையைப் பார்த்தார்கள்.

வைகுண்டராஜ் வந்திருந்தார். ஜரிகைக் கரை வேட்டி, பட்டுத் துண்டு, நெற்றியில் சந்தனம். கார் இல்லாததால் வெயிலில் நடந்து வந்து முகம் சிவந்திருந்தது. இருபது வருசத்தில் இந்தச் சந்துக்கு அவர் வந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் உள்ளே வரவில்லை. முனையில் குழாயடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பின்னால் குடையோடு சுந்தர்ராஜ்.

“கருத்தா! என்னப்பா இது, ஒரு சாவிக்கு இம்புட்டு ஆட்டம்?”

கருத்தக்கண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். சுருளியம்மாள் எழுந்தாள். பந்தலின் விளிம்புவரை வந்து நின்றாள்.

“உள்ள வாங்க மொதலாளி. எங்கய்யா மொகத்தப் பாத்துட்டுக் கேளுங்க. நானே என் கையால அவுத்துத் தாரேன்.”

“நல்ல காரியத்துக்குப் போறவன் எழவு வீட்டுக்குள்ள வரலாமாத்தா? தீட்டு இல்லையா? ஒனக்குத் தெரியாததா?”

“செத்தவுகளுக்குத் தீட்டு உண்டு, ஒத்துக்கிறேன். நேத்து எங்க வீட்டுக்காரரு ஒங்க வாசல்ல வந்து நின்னப்ப எங்கய்யா உசுரோடதான இருந்தாக? உசுரோட இருக்குறவுகளுக்கு என்ன தீட்டு?”

முதலாளி மறுப்பார், யாரும் வந்து கேட்கவில்லை என்று சாதிப்பார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவர் மறுக்கவே இல்லை. மறைக்க வேண்டிய விசயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கடையில் சரக்குக்கு நியாயம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

“நானா அவனச் சாகச் சொன்னேன்? அம்மன் சந்நிதியில மால போட்டு எடுத்தாந்த வண்டித்தா அது. உள்ள பட்டும் மோதிரமும் இருக்கு. அவனத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயி, வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா, அந்த வண்டிய இன்னைக்குப் பொண்ணு வீட்டு வாசல்ல கொண்டுபோயி நிறுத்த முடியுமா? நீயே சொல்லு. மாட்டு வண்டியில கொண்டு போங்கன்னு ஒம் புருசன்கிட்ட நல்லவிதமாத்தான சொல்லிவிட்டேன்?”

பொன்னாத்தாள் தலையைத் தூக்கினாள்.

கருத்தக்கண்ணன் முதலாளியையும் கர்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். “வீட்ல இல்லேன்னுல்ல சொன்ன மாப்ள?”

“மாமாகிட்ட வேற என்னத்தச் சொல்லுவேன்?” என்றான் கர்ணன். “உசுரப் பிடிச்சுக்கிட்டு என் வாயவே பாத்துக்கிட்டிருந்தாக.”

கருத்தக்கண்ணன் இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு வந்தார். அண்ணனின் இடுப்பில் கோடித்துணியை இழுத்துச் சரிசெய்தார். சாவி உள்ளே மறைந்தது.

“தூக்குங்கப்பா. வெயில் ஏறுது.”

“கருத்தா, சாவி?” என்றார் முதலாளி.

“அர்ணாக்கயிறு அங்கன போயித்தான் அறுப்பாக மொதலாளி” என்றார் கருத்தக்கண்ணன், திரும்பிப் பார்க்காமலே. “வேணும்னா கூட வாங்க.”

மூட்டை தூக்குகிறவர் முதலாளியிடம் இப்படிப் பேசி இந்த ஊர் கேட்டதில்லை. சுந்தர்ராஜின் கையிலிருந்த குடை சாய்ந்தது.

பாடை சந்தை விட்டு வெளியே வந்தபோது முதலாளி குழாயடியில் ஒதுங்கி நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கணக்குப்பிள்ளையிடம் ஏதோ முணுமுணுத்தார். ஆற்றில் முழுகிவிட்டுப் போனால் தீட்டுப் போய்விடும் என்று அவர் பதில் சொன்னது பெண்கள் காதில் விழுந்தது. பாடைக்குப் பின்னால் செருப்போடு நடக்கக் கூடாது. முதலாளி செருப்பைக் கழற்றி சுந்தர்ராஜிடம் கொடுத்தார். பிறகு நடந்தார். கூட்டத்தோடு சேராமல், நாலு எட்டு தள்ளி, தார் ரோட்டின் சூட்டில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நடந்தார்.

பஜார் முழுக்கக் கடைக்காரர்கள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். பித்தளைப் பாத்திரக் கடை அய்யாத்துரை ஒரு ஷட்டரை இழுத்துவிட்டுக் கைகூப்பினார்.

“பாருங்கய்யா, டிரைவர் எழவுக்கு மொதலாளியே நடந்து வர்றாக! அதுவும் வீட்ல விசேசத்த வச்சுக்கிட்டு. இந்தக் காலத்துல யாரு செய்வாக?”

“பெரிய மனுசன்னா பெரிய மனுசன்தான்” என்றது இன்னொரு குரல்.

வைகுண்டராஜ் அதைக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்து, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார். அதைத்தான் சுருளியம்மாளால் தாங்க முடியவில்லை. அடப்பாவி! செத்தவனிடமிருந்து இதையும் எடுத்துக்கொள்ளுகிறாயா? ஓடிப்போய் நடு ரோட்டில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. சாவிக்காக வாராகய்யா, இவுக எங்கய்யாவுக்காக வரல, பட்டுச்சேலைக்காக வாராக, என்று கடைகடையாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

முச்சந்தி வந்தது. பெண்கள் இதோடு நிற்க வேண்டும். பாடையை இறக்கி, தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றித் திருப்பினார்கள். எதிரே முதலாளியின் மாடிவீடு, பக்கத்தில் கார் செட். செட்டின் கதவு காலையிலிருந்தே விரியத் திறந்து கிடந்தது. பாடை மறுபடி தூக்கப்பட்டது. கொட்டு முழங்கியது. ஆண்கள் கொட்டக்குடி ஆற்றுப் பக்கம் திரும்பினார்கள். முதலாளி தன் வீட்டு வாசலைத் தாண்டி அவர்களுக்குப் பின்னால் போனார். மாடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நிற்கவில்லை.

சுருளியம்மாள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். வாயைத் திறந்தாள். பொன்னாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். காலையிலிருந்து மாரடித்து ஓய்ந்த கை, ஆனால் பிடி இரும்பாக இருந்தது.

“விடுத்தா.”

“எப்படி விடச் சொல்ற ஆத்தா? ஊரே கையெடுத்துக் கும்பிடுது!”

“கும்பிட்டுப் போகட்டும். நீ அங்கன பாரு.” பொன்னாத்தாள் போகிற கூட்டத்தை நோக்கித் தாடையை நீட்டினாள். “உங்கய்யா முன்னால போறாக. மொதலாளி பின்னால போறாக. எப்பவும் போலத்தான?”

கூட்டம் திருப்பத்தில் மறையும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக மறைந்தது ஜரிகைக் கரை வேட்டி. மற்றப் பெண்கள் குளிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

கார் செட்டுக்குள் பத்மினி நின்றது. பானெட்டின்மேல் கிடந்த அம்மன் கோயில் மாலை, வெயில் பட்டுச் சுருங்கியிருந்தது. பக்கத்து ஆணியில் கிளாஸ் தொங்கியது. சக்கரங்களுக்கு அடியில் முத்துவீரன் பார்த்துப் பார்த்து வைத்த எலுமிச்சம்பழங்கள் நாலும் நசுங்காமல் இருந்தன.